மூடிய கடையின் விலை

யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். அன்று நடந்ததை அந்த வீட்டில் பிற்பாடு ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள்.

சமையலறை மேசைக்கு ஜன்னல் பக்கம் மாமியார். அந்த அறையில் காற்று வருகிற இடம் அது ஒன்றுதான். அவருக்கு வலப்பக்கம் இளைய மகன், முன்னால் ஒரு மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு. அவனுக்கு எதிரே மூத்த மகன், நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டு, மேசையில் கை படாமல். குளிர்ப்பெட்டி பழுது பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமையானாலும் விரலிடுக்கில் கறுப்பு போகாது. சின்ன மருமகள் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றாள். உட்காரச் சொன்னதற்கு ‘இருக்கட்டும்’ என்றாள். நான் வாசற்படியை ஒட்டி, காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில். பெரிய மருமகள் தரையில், உருளைக்கிழங்குக் கூடைக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்கும் நடுவே, கத்தியோடு. மேசையருகே ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதில் வந்து உட்கார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. விசாரணை அவளைப் பற்றியது.

நான் அந்த வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவள். பதிவு அலுவலகத்துக்கு எதிரே மனு எழுதிக் கொடுக்கும் கடையில் வேலை. காலையில் மாமியார் மாடிப்படிக்குக் கீழே நின்று கூப்பிட்டார். “நீங்க பொது ஆள், மாடியம்மா. வந்து சும்மா உட்காருங்க. நாளைக்கு யாரும் பேச்சை மாத்தக்கூடாது பாருங்க.”

மழை வருவதுபோல் இரண்டு நாளாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. சுவர் எல்லாம் வியர்த்திருந்தது. மின்விசிறி சுற்றியது, காற்றுதான் இல்லை.

விஷயம் பாலில் ஆரம்பித்தது. மாமியாருக்கு வயிற்றில் ஒரு அறுவைச் சிகிச்சை நடந்து, காலையும் மாலையும் பால் குடிக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சின்னவளின் குழந்தைக்கும் பால்தான். பால் காய்ச்சி ஆறவைத்தால் மேலே ஆடை கட்டும். அந்த ஆடையைக் குழந்தை விரலால் எடுத்துத் தின்னும். கொஞ்ச நாளாக ஆடை கட்டவில்லை. குழந்தை கிண்ணத்துக்குள் விரலை விட்டு விட்டுத் தேடியது. சின்னவள் அதைக் கணவனிடம் சொன்னாள், அவன் தாயிடம் சொன்னான். தாய் ஒரு நாள் விடிந்ததும் எழுந்து வந்து, பெரியவள் குழாயடியில் பால் பாத்திரத்தோடு நிற்பதைப் பார்த்துவிட்டார்.

“நான் யாரையும் ஒண்ணும் சொல்லலை அக்கா. பால்ல ஆடை கட்டலைன்னு சொன்னேன். அவ்வளவுதான்,” என்றாள் சின்னவள்.

“இங்கே கட்டாத ஆடை வேற எங்கேயோ கட்டியிருக்கு. இவ தம்பி புதுசா வண்டி ஓட்டறான்,” என்றார் மாமியார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

பெரியவள் தலை நிமிரவில்லை. கிழங்கின் தோல் அவள் கத்தியிலிருந்து அறுபடாமல், காகிதம் மாதிரி மெலிசாக இறங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு மெலிசாகத் தோல் சீவுகிறவள் பாலுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய அவசியம் என்ன என்று நான் நினைத்தேன்.

அந்த வீட்டில் இரண்டு குடும்பம், ஒரே அடுப்பு. அண்ணனும் தம்பியும் மாதம் பிறந்தால் ஆளுக்கு ஆறாயிரம் சாப்பாட்டுக்கென்று ஒரு தகர டப்பாவில் போட வேண்டும். டப்பா பெரியவள் பொறுப்பு. முன்பெல்லாம் மாதத்தின் கடைசி வாரம் வந்தால் சண்டைதான். பணம் தீர்ந்துபோச்சு என்று அவள் சொல்வாள். போன மாதம் போதவில்லையா என்று இளையவன் கேட்பான். உன் பிள்ளைக்கு வாங்கின பிஸ்கட் என் கணக்கா என்று மூத்தவன் கேட்பான். அதை நிறுத்தியவள் பெரியவள்தான். ஒரு வருஷத்துக்கு முன்னால், இதே மேசையில், அவளே ஒரு வழி சொன்னாள். ஊருக்கு ஊர் விலைவாசி எவ்வளவு ஏறியது என்று புள்ளிவிவர அலுவலகம் மாதாமாதம் வெளியிடுகிறதே, அதில் நம் ஊர் உணவுக் கணக்கு நூற்றுக்கு எவ்வளவு ஏறுகிறதோ, அவ்வளவு டப்பாவிலும் ஏற்றிப் போடுவோம். யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம், யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். இளையவனுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். அன்றைக்கே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டு, எண்ணை உள்ளே தட்டினால் ஆளுக்கு எவ்வளவு என்று கீழே வரும்படி செய்துவிட்டான். அதன்பின் வீட்டில் சத்தம் இல்லை. மூத்தவன்கூடத் தன் பட்டறையில் பெருமையாகச் சொன்னானாம், எங்க வீட்டுல பணத்துக்குச் சண்டை கிடையாது, எல்லாம் ஃபார்முலா என்று.

அதைவிடப் பெருமை ஒன்று இருந்தது. அந்த ஊர்க் கணக்கே பெரியவள் கையிலிருந்து போவதுதான். அவள் அந்த அலுவலகத்துக்கு விலை எடுத்துக் கொடுப்பவள். நிரந்தர வேலை இல்லை. வருஷா வருஷம் நீட்டிப்பார்கள்.

அவளோடு நான் சில நாள் சந்தை வரை நடந்து போயிருக்கிறேன். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, பைக்குள் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு. கீரைக்கட்டு என்ன விலை என்று கேட்டால் போதாது, கட்டு எத்தனை கிராம் என்று நிறுத்து எழுத வேண்டும். தக்காளி என்றால் எந்த ரகம், முட்டை என்றால் எந்த அளவு. ஒவ்வொரு பொருளுக்கும் இன்ன கடை என்று நிர்ணயித்திருப்பார்கள். அந்தக் கடையில்தான் கேட்க வேண்டும். கடைக்காரர்கள் அவளை ரேட்டக்கா என்பார்கள். “ரேட்டக்கா வர்றாங்க, எல்லாரும் குறைச்சுச் சொல்லுங்கப்பா, டிவியில வரும்,” என்று வெங்காயக்காரர் குரல் கொடுப்பார். முட்டைக்காரருக்கு எப்போதும் ஒரே குறை: “காசு குடுத்து வாங்கறவங்ககிட்டகூட நான் இவ்வளவு விவரம் சொன்னதில்லை.”

சுற்று முடிந்ததும் சந்தை வாசலில் நின்று அட்டையைக் கழற்றிப் பைக்குள் போடுவாள். பிறகு அதே சந்துக்குள் மறுபடி நுழைந்து வீட்டுக்கு வேண்டியதை வாங்குவாள். அட்டையோடு வாங்கக் கூடாது என்பது விதி. இப்படி அவள் ஒவ்வொரு பொருளையும் இரண்டு தடவை சந்திப்பாள். அட்டை இருக்கும்போது ஒரு தடவை, இல்லாதபோது ஒரு தடவை. இரண்டு தடவையும் ஒரே விலை இருக்கும் என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

இளையவன் கணினியை அம்மாவின் பக்கம் கொஞ்சம் திருப்பினான். அம்மாவுக்கு அதில் ஒன்றும் புரியாது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் மரியாதைக்கு.

“அண்ணி, நான் கோபமாப் பேசலை. கணக்கு மட்டும் பேசறேன். போன வருஷம் இந்த மாசம் ரெண்டு பேரும் சேர்ந்து பன்னெண்டாயிரம். உங்க ஆபீஸ் கணக்குப்படி வருஷத்துக்கு ஆறு சதவீதம் ஏறியிருக்கு. இப்போ பன்னெண்டாயிரத்து எழுநூத்தி இருபது போடறோம். ஒரு பைசா குறைச்சதில்லை. அப்போ போன வருஷம் சாப்பிட்டதை அப்படியே இந்த வருஷமும் சாப்பிடணும். பால்ல தண்ணி வரக்கூடாது. முட்டை பாதியாயிடக்கூடாது. வந்திருக்கு, ஆயிருக்கு. மிச்சம் எங்கே போச்சு?”

கேள்வி நியாயமானது. அதனால்தான் அந்த அறையில் மூச்சு முட்டியது. அவன் குரலை உயர்த்தியிருந்தால் யாராவது அவனை அடக்கியிருப்பார்கள்.

“தண்ணி ஊத்தினது நான்தான்,” என்றாள் பெரியவள்.

மாமியார் என்னைப் பார்த்தார். கேட்டுக்கிட்டீங்களா என்பதுபோல்.

“எல்லாப் பாலுக்கும் ஊத்தினேன். அவருக்குப் போடற டீப் பாலுக்கும். குழந்தைப் பாலுக்குக் கடைசியாத்தான் ஊத்தினேன். பணம் பத்தலை.”

பத்தவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதானே என்று மாமியார் கேட்டார். ஊமையா நீ, ஊரெல்லாம் சுற்றிக் கடை கடையாகப் பேசுகிறவள், வீட்டில் மட்டும் வாயில் என்ன கொழுக்கட்டையா என்றார். அம்மா வீட்டுக்கு எவ்வளவு போகிறது என்பதையும் சேர்த்தே கேட்டார். தம்பியின் வண்டி கடனில் வாங்கினது, தவணை அவன் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. மூத்தவன் தன் விரலிடுக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் பெண்டாட்டி பக்கம் ஒரு வார்த்தை பேச வேண்டிய இடம் இதைவிட நல்லதாக அவனுக்குக் கிடைத்திருக்காது. அவன் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

பெரியவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அலுவலகம் கொடுத்திருந்த பழைய கணினியோடு திரும்பி வந்து, காலி நாற்காலியை இழுத்துப் போட்டு, யாரையும் கேட்காமல் உட்கார்ந்தாள்.

அவள் திறந்தது வீட்டுக் கணக்கு. வாங்கின ஒவ்வொரு பொருளும் ஒரு வரி: தேதி, எடை, கொடுத்த விலை. போன வருஷம் வாங்கின அதே அளவை இந்த வருஷத்து விலையில் வாங்கினால் எவ்வளவு என்று கடைசிக் கட்டத்தில் கூட்டல். இளையவன் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். தொழில் தெரிந்தவன், நடுவில் இரண்டு மூன்று கட்டங்களைத் தட்டி ஃபார்முலா சரியா என்று சோதித்தான்.

“இருபத்தொண்ணு சதவீதம்,” என்றான்.

“ஆமா. ஆயிரத்தெண்ணூறு குறையுது, மாசா மாசம்.”

“அதை எப்படிச் சமாளிச்சீங்க?”

சந்தைக்குப் போய்வர அலுவலகம் தருகிற பயணப்படியை டப்பாவில் போட்டுவிட்டு நடந்தே போகிறாளாம். தன் பங்கு முட்டையை நிறுத்திவிட்டாள். மதியம் வெளியில் சாப்பிட்டேன் என்று சொன்ன நாட்களில் சாப்பிடவில்லை. மிச்சத்துக்குத் தண்ணீர். இதையெல்லாம் அவள் வெண்டைக்காய் விலை சொல்வதுபோல் சொன்னாள். சின்னவள் அடுப்பு மேடையிலிருந்து ஒரு அடி முன்னால் வந்து, மறுபடி பின்னால் போய்ச் சாய்ந்துகொண்டாள்.

இளையவன் இரண்டு கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

“இது உங்க கை போட்ட கணக்கு. அதுவும் உங்க கை போட்ட கணக்கு. ஒரே ஊர், ஒரே சந்தை. இது ஆறுங்குது, அது இருபத்தொண்ணுங்குது. ரெண்டும் நிஜமா இருக்க முடியாது அண்ணி. எது பொய்னு நீங்களே சொல்லிடுங்க.”

வெளியே ஏதோ வண்டி பின்னோக்கி நகரும் சத்தம் கேட்டது. நான் ஸ்டூலில் கொஞ்சம் அசைந்தேன். அது கிறீச்சிட்டதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அவள் கணக்கு பொய் என்றால் திருடி. அலுவலகக் கணக்கு பொய் என்றால், மாதாமாதம் கீழே தன் பெயரும் அலுவலகம் தனக்குக் கொடுத்த வரிசை எண்ணும் போட்டு அனுப்புகிறவள் அவள்தான். அவள் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு காகிதம் காந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. போன வருஷம் அலுவலகத்தில் கொடுத்த பாராட்டுச் சான்று. ஒரு கட்டம்கூடக் காலியில்லாமல் விவரம் அனுப்பியதற்காக. மூத்தவன்தான் அதைக் கொண்டுவந்து அங்கே மாட்டினான்.

“ஆபீஸ் கணக்குதான்,” என்றாள்.

பிறகு அந்தக் கோப்பைத் திறந்து எண்ணெய் வரிக்குப் போனாள்.

“இதைப் படிச்சுப் பாருங்க.”

இளையவன் படித்தான். “தொண்ணூத்தெட்டு. தொண்ணூத்தெட்டு. தொண்ணூத்தெட்டு…” நிறுத்தினான். “பதினோரு மாசமா ஒரே நம்பரா? எண்ணெய் விலை அப்படி நிக்குமா?”

“கடையே இல்லை. பீப்பாயிலேர்ந்து சில்லறையா ஊத்திக் குடுப்பாரே, சந்தை மூலைக் கடை. மூடிட்டாரு. இப்ப அங்கே செல்போன் கவர் விக்கறாங்க. சில்லறை எண்ணெயே ஊர்ல கிடையாது, பாட்டில்தான். பாட்டில் நூத்தி அறுபது.”

“அப்போ நூத்தி அறுபதுன்னு போட வேண்டியதுதானே?”

அதுதான் முடியாது என்று அவள் விளக்கினாள். பொருளும் கடையும் தலைமை அலுவலகம் எழுதிக் கொடுத்தது. பொருள் கிடைக்கவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. போன மாதத்து விலையையே போட வேண்டும். போன மாதத்துக் கட்டத்தின் கீழ்மூலையில் இருக்கும் சின்னப் புள்ளியைப் பிடித்து இழுத்துவிட்டால் போதும், எண் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்று மாதத்துக்கு மேல் கிடைக்கவில்லை என்றால் மாற்றுப்பொருள் போடலாம். ஆனால் அதற்கு மேலதிகாரி கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட்டால் அவர் நாலு பக்கம் விளக்கம் எழுத வேண்டும். அவர் நல்ல மனுஷர்தானாம். ஒவ்வொரு தடவையும் போனில் தணிவாகத்தான் சொல்வாராம்: ‘இப்போதைக்கு இழுத்துவிடும்மா. அடுத்த மாசம் பார்க்கலாம்.’ இழுத்த கட்டங்களுக்கு முதலில் அவள் மஞ்சள் அடித்து அனுப்பினாள், யாராவது பார்க்கட்டும் என்று. கோப்பில் வண்ணம் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது.

நொய் அரிசியும் அப்படித்தான். மண்டிக்காரர் நொய்யைச் சில்லறைக்குக் கொடுப்பதை நிறுத்தி மாட்டுத்தீவன ஆலைக்கு அனுப்புகிறார். கேனில் கொண்டுவந்து அளந்து ஊற்றும் பால்காரர் வருவதில்லை, பாக்கெட் பால்தான். ஆனால் அவள் கோப்பில் மூன்றும் பழைய விலைக்கு அமோகமாகக் கிடைத்துக்கொண்டிருந்தன.

“மூணும் நம்ம மாதிரி வீட்டுல வாங்கறது. அதனாலதான் மலிவு. அதனாலதான் முதல்ல காணாமப் போச்சு.”

அவள் அந்த மூன்று வரியிலும் இந்த மாதத்துக் கட்டத்தை அழித்து, தான் கடையில் கொடுத்த விலையைத் தட்டினாள். எண்ணெய் போட்டதும் கீழே ஆறு என்று இருந்தது பத்தாயிற்று. அரிசி போட்டதும் பதினைந்து. பால் போட்டதும் பத்தொன்பதில் வந்து நின்றது. எழுதப் படிக்கத் தெரியாத மாமியார்கூட அந்தக் கடைசி எண் மாறுவதைப் பார்த்தார்.

“மிச்சம் ரெண்டு?” என்றான் இளையவன்.

“அது என் சோம்பல். மழை நாள்ல சந்தைக்கு நடக்க முடியாம முனைக் கடையில வாங்கினேன்.”

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஒரு பெண் திருடி இல்லை என்று ஆகிவிட்டால், யாராவது ஒருவர் பெருமூச்சு விடுவார்கள், ஒருவர் டீ போடுவார்கள். இளையவன் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது மடல் மெல்லச் சிவந்தது.

“எங்க கம்பெனியில சம்பள உயர்வு இதை வெச்சுத்தான் தர்றான்,” என்றான். “ஆறு சதவீதம். அதுக்கு மேல ஏன் கேக்கறேன்னு மேனேஜர் என்னை வெச்சு எல்லார் முன்னாடியும் சிரிச்சான். கவர்மென்ட் கணக்கை விட உன் பெண்டாட்டி கணக்குப் பெருசாங்கறான்.”

“ஒரு ஊர் கணக்குல அது மாறாது தம்பி. அது எல்லா ஊரும் சேர்ந்தது.”

“எல்லா ஊர்லயும் உங்களை மாதிரி ஒருத்தர் உட்கார்ந்து இழுத்துவிட்டிருப்பாங்க இல்ல?”

தண்ணீர்ப் பாத்திரத்தில் கிழங்குகள் வெள்ளையாகக் கிடந்தன.

“தெரிஞ்சே பதினோரு மாசம்,” என்றான் அவன். “வீட்டுல சொல்லியிருக்கலாமே அண்ணி.”

“இந்த ஏற்பாட்டைச் சொன்னதே நான்தான். நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. அந்த வாயாலயே அந்த நம்பர் தப்புன்னு எப்படிச் சொல்றது? அடுத்த மாசம் சரியாயிடும், அடுத்த மாசம் சரியாயிடும்னு இருந்தேன்.”

அதையும் இழுத்துவிட்டாள் என்று சொல்ல வேண்டும்.

இளையவன் திடீரென்று என் பக்கம் திரும்பினான். எழுதிக் கொடுக்கட்டும் என்றான். இவங்க சொல்றது நிஜம்னா, தலைமை அலுவலகத்துக்கே எழுதட்டும், மாடியக்கா இருக்காங்க, இப்பவே எழுதட்டும். நிஜம் இல்லைன்னா எழுத மாட்டாங்க. அவ்வளவுதான் பரீட்சை.

“எழுதறேன்,” என்றாள் அவள்.

அந்த வார்த்தைக்குப் பிறகுதான் மூத்தவன் வாயைத் திறந்தான்.

“இந்தா, அதெல்லாம் வேண்டாம். கையெழுத்துப் போட்டு அனுப்பினா வேலை போயிடும். மாடி கட்டின கடனுக்கு உன் சம்பளம்தான் போகுது. மறந்துட்டியா?”

நான் குடியிருக்கும் அந்த மாடிதான். நான் கூரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

மாமியாரும் உடனே மகன் பக்கம் சேர்ந்துகொண்டார். அவர் குரலே வேறாகிவிட்டது. போகட்டும், வீட்டுக்குள் நடந்தது வீட்டுக்குள் இருக்கட்டும், ஒரு பால் விஷயத்துக்குப் போய் வேலையை விடுவதா, பெண் பிள்ளைக்கு மாதச் சம்பளம் என்ன தெருவிலா கிடக்கிறது என்றார். இளையவனும் தயங்கினான். எழுத வேண்டும்தான், ஆனால் பெயர் போடாமல் எழுதலாமே என்றான். வரிசை எண்ணைப் போட்டாலே யார் எழுதினது என்று தெரிந்துவிடும், எண் போடாமல் எழுதினால் குப்பையில் போடுவார்கள் என்றாள் அவள்.

பிறகு புருஷனைப் பார்த்துக் கேட்டாள். “நான் எடுக்கலைன்னு நம்பறீங்களா?”

“அதை ஏன் இப்போ கேக்கறே?”

“சும்மா சொல்லுங்க.”

“வேலையை விடாதேங்கறேன். வேற என்ன சொல்லணும்?”

அவள் மாமியார் பக்கம் திரும்பினாள். “அத்தை?”

“நடந்தது நடந்துபோச்சு. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலை,” என்றார் மாமியார். மன்னித்துவிட்டாராம்.

திருடி என்றாலும் சம்பளம் வரட்டும் என்று இருந்தது அந்த வீடு. நான் எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன். குற்றம் செய்யவில்லை என்று நிரூபித்த பிறகும் ஒருத்தியை மன்னிக்கிற இடத்தை அன்றுதான் பார்த்தேன்.

“மாடியக்கா, பேனா இருக்கா?” என்றாள் அவள்.

அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் சொன்னாள். மனசுக்குள் பல தடவை எழுதிப் பார்த்திருக்க வேண்டும். எந்த வரி, எந்தக் கடை, எந்த மாதத்திலிருந்து கிடைக்கவில்லை, இப்போது மக்கள் அதற்குப் பதில் எதை என்ன விலைக்கு வாங்குகிறார்கள். மேலதிகாரியின் பெயரை அவள் சொல்லவில்லை. நான் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தேன். “அவருக்கும் வீடு இருக்கும்,” என்றாள். கடைசி வாக்கியத்தை நான் கொஞ்சம் தணித்து எழுதப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லித் தான் சொன்னபடியே எழுத வைத்தாள்: ‘மேற்கண்ட விலைகளில் நம் ஊரில் யாரும் எதையும் வாங்கவில்லை. இது தெரிந்தே நான் அனுப்பி வந்தேன்.’ கையெழுத்து, கீழே வரிசை எண்.

இதற்கிடையில் மாமியார் அலமாரியிலிருந்து தகர டப்பாவை எடுத்து வந்து சின்னவள் முன்னால் வைத்தார். இனிமேல் நீ பார்த்துக்கொள் என்றார். சின்னவள் டப்பாவைத் தொடவில்லை.

“எனக்கு வேண்டாம் அத்தை. இந்தப் பணத்துல முடியாது.”

“அவ முடிச்சாளே இத்தனை நாள்.”

“அவங்க சாப்பிடாம முடிச்சாங்க. எனக்குப் பசிக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை. அப்படியானால் ஆளுக்கு எவ்வளவு ஏற்றிப் போடுவது என்ற பேச்சு எழுந்தது. பத்தொன்பதா, இருபத்தொன்றா. அண்ணி வேலை போனால் அண்ணனால் எப்படி ஏற்ற முடியும், அண்ணன் ஏற்றாவிட்டால் நான் மட்டும் ஏன் ஏற்ற வேண்டும் என்று இளையவன் கேட்டான். சம்பளம் உயர்ந்தவன் நீதானே என்றான் மூத்தவன். ஆறு சதவீதம், ஆறு சதவீதம் என்று தம்பி மேசையில் தட்டினான். ஒரு வருஷம் அடங்கியிருந்த சத்தம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. சின்னவள் குனிந்து பெரியவள் விட்ட கத்தியை எடுத்து, மிச்சக் கிழங்கைச் சீவ ஆரம்பித்தாள். அவள் கையில் தோல் தடிமனாகத்தான் வந்தது.

உறையைத் தயார் செய்தபோது மூத்தவன் எட்டிப் பார்த்தான். “பின்னாடி நம்ம வீட்டு அட்ரஸ் போடாதே. யாராவது விசாரிக்க வந்து நின்னா தெருவுக்கே தெரியும்.” அனுப்புநர் முகவரி இல்லாமல் பதிவுத் தபால் எடுக்க மாட்டார்கள் என்று நான் சொன்னேன். என் கடை முகவரியை வேண்டுமானால் போட்டுக்கொள் என்றும் சொன்னேன். அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அந்த வீட்டுக் கதவு எண்ணையும் தெருவையும் ஒரு எழுத்துகூடச் சுருக்காமல் எழுதினாள். பதில் வந்தால் பகலில் வீட்டிலிருந்து வாங்க வேண்டியவர் மாமியார்தான். கைநாட்டு வைத்து வாங்குவார். பசைக் குப்பி காய்ந்திருந்தது. சோற்றுப் பானையிலிருந்து இரண்டு பருக்கை எடுத்து நசுக்கி உறையை ஒட்டி, கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தினாள்.

மறுநாள் காலை என் கடைக்குப் போகும் வழியில் அவளோடு தபால் நிலையத்துக்குப் போனேன். மழை ஒருவழியாகத் தூறிக்கொண்டிருந்தது. நடந்தே போனோம். கவுன்டர்காரர் உறையைத் தராசில் வைத்துக் கட்டணம் சொன்னார். அவள் எண்ணி வைத்த சில்லறை போதவில்லை.

“போன மாசம் இது இல்லையே?”

“ஏத்தி ஒரு வாரமாச்சும்மா.”

முந்தானை முடிச்சை அவிழ்த்து மீதியைக் கொடுத்தாள். அவர் முத்திரை குத்தி ரசீதைத் தள்ளினார். அவள் நகரவில்லை. பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள், குறிப்பேட்டைத் திறந்தாள்.

“பதிவுத் தபால், இருபது கிராம் வரைக்கும். என்ன கட்டணம்?”

இப்பத்தானே சொன்னேன் என்பதுபோல் அவர் அவளைப் பார்த்தார், பிறகு அட்டையைப் பார்த்தார். மறுபடியும் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். பின்னால் நின்றவர் பொறுமையிழந்து தொண்டையைச் செருமினார். கவுன்டர்காரர் அவள் உறையை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே, பின்னாலிருந்த சாக்குப்பையில் போட்டார்.